வியாபாரக் கணக்கும் விற்பனை முகவரும்

(எமது வட்டார வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இத்தகைய மேடைகளில் ஒழுக்கம், கல்வி, தொண்டு என்பன பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கடைத்தெருவைச் சேர்ந்தது. வியாபாரத்துக்கு வேண்டிய கணினி மென்பொருளை எவரிடம் வாங்குவது, எப்படி வாங்குவது என்பதே அது. "இது வாலிபர் சங்கத்தில் பேசத்தக்க பொருளா?" என்று சில பெரியவர்கள் புருவத்தை நெரிப்பதைப் பார்க்கிறோம். பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம். ஒரு குடும்பத்தின் சோறும், ஒரு பிள்ளையின் படிப்பும், ஒரு முதலாளியின் நாணயமும் கணக்கில் தங்கியிருக்கின்றன. கணக்குத் தவறினால் இம்மூன்றும் தவறும். ஆதலால் இதுவும் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சே.

எமது கரையோரத்தை ஒருமுறை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மருதமுனையிலே தறிச் சத்தம். பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் தோள் தொட்டு நிற்கிறது. மேற்கே திரும்பினால் சம்மாந்துறை வயல்கள். கல்முனைக் கடைத்தெருவிலே புடவைக்கடை, இரும்புக்கடை, மருந்துக்கடை, உரக்கடை. தமிழர் கடையில் முஸ்லிம்கள் வாங்குவர். முஸ்லிம்கள் கடையில் தமிழர் வாங்குவர். விதைப்புக் காலத்தில் உரத்தைக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் பணத்தை வாங்கும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. பெரும்போகம் பொய்த்தால் சிறுபோகம் வரைக்கும் பொறுப்பார்கள். இவ்வளவும் நம்பிக்கையின்மேல் நடக்கிறது. அந்த நம்பிக்கைக்குச் சாட்சி கணக்குப் புத்தகம்.

அந்தச் சாட்சி அழிந்தால் என்னவாகும் என்பதை இக்கரை கண்கூடாகக் கண்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் பேரேடுகளும் போயின. உயிர் போன துயரத்தின் முன்னே கணக்குப் போனதைப் பற்றி அன்று எவரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. ஆனால், பிழைத்தவர்கள் மறுபடியும் கடை திறக்க முயன்றபோதுதான், "எனக்கு யார் தரவேண்டும், நான் யாருக்குக் கொடுக்கவேண்டும்?" என்ற கேள்விக்கு விடையில்லாமல் திகைத்து நின்றார்கள். கணக்கு என்பது கடை இருக்கும் இடத்தில் மட்டும் இருந்தால் போதாது என்ற பாடத்தை நாம் அன்றே படித்திருக்க வேண்டும்.

நிற்க. மென்பொருள் என்னும் சரக்கைப் பற்றிச் சிறிது சொல்லுவோம்.

கணினி தோன்றிய தொடக்கக் காலத்தில் மென்பொருளை எவரும் தனியே விலைகொடுத்து வாங்கவில்லை. பெரிய இயந்திரத்தை விற்ற கம்பனியே அதற்கு வேண்டிய மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தது. 1969 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பனி, இனி மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக வளர அது பெரிய தூண்டுதலாயிற்று. சரக்கென்று ஒன்று வந்தால் அதை விற்பவனும் வருவான் அன்றோ? 1981 இல் அதே கம்பனி சிறிய மேசைக் கணினியை வெளியிட்டபோது, தன் விற்பனையாட்களை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. வெளிக் கடைகள் மூலமாகவும் விற்றது. செய்பவர் ஒருவர், விற்று நிறுவிப் பழக்கிக் கொடுப்பவர் வேறொருவர் என்ற முறை இவ்வாறு வேரூன்றியது. அந்த இரண்டாமவரையே நாம் இன்று மீள்விற்பனை முகவர் என்கிறோம்.

எமது பக்கத்து நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். இந்தியாவிலே சியாம் சுந்தர் கோயங்கா என்பவர் நெசவாலைகளுக்கு மூலப்பொருள்களும் இயந்திர உதிரிப்பாகங்களும் கொடுத்து வியாபாரம் செய்தவர். தன் வியாபாரத்துக்குப் பொருத்தமான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தன் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றைச் செய்து தரச் சொன்னார். 1986 இல் தந்தையும் மகனும் தொடங்கிய அம்முயற்சியே பின்பு டாலி என்னும் பெயரால் உலகறிந்தது. பரத் கோயங்காவுக்கு 2020 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. இந்த மென்பொருள் சின்னஞ்சிறு பட்டினங்களின் கடைகளுக்குள்ளும் நுழைந்தது எப்படி? பெங்களூரிலிருந்து ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்பியா? இல்லை. ஊரூராக இருந்த ஆயிரக்கணக்கான முகவர்கள் தோளில் பையோடு கடைப்படி ஏறியதாலேயே அது சாத்தியமாயிற்று. நெசவுத் தொழிலோடு ஒட்டிய ஒரு கடையின் தேவையிலிருந்து பிறந்த இந்தக் கதை, மருதமுனைத் தறிகளுக்குப் பக்கத்தில் வாழும் எமக்கு அந்நியமானதன்று.

இனி நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். எமது கடைத்தெருவிலே ஒரு புடவைக்கடை முதலாளி. நல்ல மனிதர், நாம் அவரைக் காக்கா என்றே அழைப்போம். கணினியில் கணக்கு வைக்க ஆசைப்பட்டார். உரிய வழியில் வாங்கும் விலையைக் கேட்டார், மலைத்தார். அவ்வேளை ஓர் இளைஞன் வந்து, "அதே சரக்கை நான் பத்திலொரு பங்கு காசுக்குப் போட்டுத் தருகிறேன்" என்றான். பென் டிரைவில் கொண்டுவந்தான், போட்டான், பணத்தை வாங்கினான், போனான். இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடிற்று. அந்தப் பிரதிக்குப் புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. காப்புப் பிரதி எடுக்க வேண்டுமென்று சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை.

நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது கணினி திறக்க மறுத்தது. கோப்புகளையெல்லாம் எவனோ பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்டுத் திரையிலே எழுதியிருந்தான். காக்கா அந்த இளைஞனைத் தேடினார். அவன் வெளிநாட்டுக்குப் போய் ஒரு வருடமாயிற்று. மென்பொருள் செய்த கம்பனியிடம் கேட்கலாமென்றால், எந்த முகத்தோடு கேட்பது? அவர்களின் ஏட்டிலே இவர் பெயரே இல்லையே!

அன்றிரவு நாம் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். அவரும் மனைவியும் ஒரு அப்பியாசக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து கடன்காரர் பெயர்களை எழுதினார்கள். ஒரு பெயர் வரும், தொகை வராது. தொகை வரும்; யாருடையது என்று வராது. "தம்பி, நான் கொடுக்க வேண்டியதை யாரும் வந்து கேட்பார்கள். எனக்குத் தரவேண்டியவனை நான் எங்கே போய்க் கேட்பேன்? தவறாக ஒருத்தனைக் கேட்டால் அவன் மனம் என்ன பாடுபடும்?" என்றார். அந்த வார்த்தையை நாம் இன்றும் மறக்கவில்லை. நேர்மையான சிலர் தாமாகவே வந்து கணக்கைத் தீர்த்தார்கள். அது எமது ஊரின் பெருமை. ஆனால், அவருடைய வியாபாரம் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் சென்றன.

இவருக்கு நேர்ந்தது அவருக்கு மாத்திரம் உரிய விதியன்று. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்னும் தீநிரல் 150 நாடுகளளவில் பரவி, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் கம்பனி இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், கொடுத்திருந்தது. போட்டவர் தப்பினர்; போடாதவர் அகப்பட்டனர். எமது நாட்டிலேயே 2023 ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்க மின்னஞ்சல் சேவை இவ்வாறு தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இல்லாது போயிற்று. காலங்கடந்த பழைய பதிப்பு பாவனையில் இருந்தமை ஒரு காரணமென்று அப்போது சொல்லப்பட்டது. அரசாங்கத்துக்கே இந்தக் கதியென்றால், தனிக்கடை முதலாளி எம்மாத்திரம்?

ஆகவே, நல்ல முகவர் ஒருவர் வழியாக வாங்குவதால் வரும் நன்மைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது நன்மை, தேர்வு. மென்பொருள் செய்யும் கம்பனியிடம் நேரே போனால், அது தன் சரக்கையே புகழும், அதில் தவறில்லை. பல கம்பனிகளின் சரக்கை வைத்திருக்கும் முகவரோ, "உங்கள் கடைக்கு இது வேண்டாம், சிறியது போதும்" என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறார். மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு முப்பது பேருக்குரிய மென்பொருள் எதற்கு?

இரண்டாவது, பொருத்தம். வாங்கிய மென்பொருள் அப்படியே எமது வியாபாரத்துக்குப் பொருந்தாது. உரக்கடைக்காரருக்கு முப்பது நாட் கடன் என்ற கணக்கு உதவாது. அறுவடை வரை தவணை வேண்டும். புடவைக்கடைக்கு மீற்றரும் வேண்டும், துண்டும் வேண்டும். அரிசி ஆலைக்கு மூட்டையும் கிலோவும் ஒன்றாக நடக்க வேண்டும். எங்கோ இருக்கும் கம்பனிக்குப் பெரும்போகமும் தெரியாது, சிறுபோகமும் தெரியாது. இவ்வூர் வியாபாரத்தை அறிந்த முகவர், பழைய பேரேட்டிலுள்ள பாக்கிகளைப் புதிய கணக்கில் ஏற்றி, தவணைகளைப் பொருத்தி, பற்றுச்சீட்டின் வடிவத்தையும் அமைத்துக் கொடுப்பார். இந்த வேலை செய்யப்படாமலே எத்தனையோ மென்பொருள்கள் வாங்கிய மூன்றாம் மாதம் கைவிடப்படுகின்றன.

மூன்றாவது, பழக்குதல். கணக்கு எழுதுகிற பிள்ளைக்குத் தமிழிலே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல வேண்டுமென்று கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்று உழைத்தவர். அப்பெரியாரின் ஊருக்கு அருகில் இருந்துகொண்டு, ஆங்கிலக் காணொளியைப் பார்த்துக் கணக்குப் பழகு என்று ஒரு பிள்ளையிடம் சொல்லுவது முறையாகுமா?

நான்காவது, அவசர காலத்துக்கு ஆள். பெருநாளுக்கு முந்திய வாரத்தில், சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய நாளில், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது பற்றுச்சீட்டு அச்சாக மறுக்கிறது. கம்பனிக்கு எழுதினால், உமது முறைப்பாடு கிடைத்தது என்று ஓர் இலக்கத்தை அனுப்பும். முகவரோ, நோன்பு துறந்த கையோடு சைக்கிளில் வந்து இறங்குவார். அந்த ஒரு மணித்தியாலத்தின் பெறுமதியைக் கடைக்காரர் அறிவார்.

ஐந்தாவது, பணமும் வரியும். பல மென்பொருள்களுக்கு விலை டொலரில். நேரே வாங்கினால் கடனட்டை வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது; மே மாதத்தில் 360 வரை ஏறியது. அந்த ஏற்றத்தை முகவரால் தடுக்க முடியாது. ஏறிய விலை அவருக்கும் ஏறியதே. ஆயினும், ரூபாவில் விலை கூறி, இத்தனை நாளுக்கு இவ்விலை மாறாது என்று எழுதிக் கொடுக்கவும், தவணை கொடுக்கவும் அவரால் முடியும். மேலும், 2024 ஜனவரி 1 ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது; பதிவு செய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாக இறங்கியது. முன்பு இவ்வரிக்குள் வராத கடைகளும் உள்ளே வந்தன. வரிக்குப் பதிவான கடை, பதிவான உள்நாட்டு முகவரிடம் முறையான வரிப் பற்றுச்சீட்டோடு வாங்கினால், கொடுத்த வரியைச் சட்டத்துக்குட்பட்டுக் கழித்துக்கொள்ள வழியுண்டு. பென் டிரைவுக்காரனிடம் எந்தப் பற்றுச்சீட்டைக் கேட்பீர்கள்?

ஆறாவது, சட்டம். மென்பொருளை நாம் வாங்குவதாகச் சொல்லுகிறோம். உண்மையில் வாங்குவது அதைப் பாவிக்கும் உரிமத்தை மட்டுமே. எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. களவுப் பிரதியென்று தெரிந்துகொண்டே அதை வியாபார இலாபத்துக்காகப் பாவிப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், தர்மத்தைப் பாருங்கள். தன் கடையிலே ஒரு முழத் துணி களவு போனால் பொறுக்காதவர், இன்னொருவர் உழைப்பைக் களவாகப் பாவிப்பது எவ்வாறு பொருந்தும்? இரு சமயத்தாரும் ஏற்காத காரியம் இது.

ஏழாவது, ஞாபகமூட்டல். உரிமம் முடியும் நாள், புதுப்பிக்க வேண்டிய நாள், பழைய பதிப்புக்கு ஆதரவு நிற்கும் நாள் ஆகியவற்றைக் கடைக்காரர் நினைவில் வைத்திருப்பது கடினம். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. எமது கடைத்தெருவில் இதை அந்நாளில் அறிந்திருந்தோர் எத்தனை பேர்? நல்ல முகவரைக் கொண்டவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பழமொழி. அணை போடும் நாளைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

இனி, உங்கள் மனத்தில் எழும் ஆட்சேபத்தை நாமே சொல்லிவிடுகிறோம். "இடைத்தரகன் வந்தால் விலை ஏறாதா?" என்பது அது. நெல் விற்கும் விவசாயியின் பிள்ளைகளாகிய எமக்கு இடைத்தரகரின்மேற் சந்தேகம் பிறப்பது இயல்பே. ஆனால், நெல்லுத் தரகருக்கும் இவருக்கும் வேறுபாடு உண்டு. பல கம்பனிகள் தங்கள் பட்டியல் விலையை ஒன்றாகவே வைத்து, முகவரின் பங்கைத் தமது விலையிலிருந்தே கொடுக்கின்றன. நேரே போனாலும் அதே விலை. முகவரிடம் போனாலும் அதே விலை என்ற நிலை பலவிடங்களில் உண்டு. பலருக்கு ஒன்றாக வாங்கும் முகவர் சிலவேளை குறைத்தும் கொடுப்பார். நிறுவுதல், பழக்குதல் ஆகியவற்றுக்குத் தனிக் கூலி கேட்பார். அது அவர் உழைப்புக்குரிய கூலி. மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்காமல் மருந்துக்கடையில் தாமே மருந்து வாங்கினால் மிச்சம்தான். எந்த மருந்து என்று தெரிந்திருந்தால்!

ஒரு கணினி மட்டும் வைத்திருப்பவர், கணினியில் தேர்ந்தவர், கடிதம் எழுத மாத்திரம் மென்பொருள் வேண்டுபவர் ஆகியோருக்கு முகவர் அவசியமில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளுகிறோம். அவர்கள் கம்பனியிடமே நேராக வாங்கலாம். இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவையும் உண்டு. முகவர் வேண்டியது, கணக்கே உயிராக இருக்கும் வியாபாரத்துக்கு.

முகவர் எல்லோரும் நல்லவர் என்றும் நாம் சொல்ல வரவில்லை. எமக்குத் தெரிந்த வேறொரு கடையில், உரிமத்தை முகவர் தன் மின்னஞ்சல் முகவரியிலேயே பதிந்து வைத்திருந்தார். கடைக்காரர் வேறு ஆளிடம் போக விரும்பியபோதுதான், தன் கணக்கின் சாவி தன்னிடம் இல்லை என்பதை அறிந்தார். யானையை வாங்கியவர் அங்குசத்தை விற்றவனிடமே விட்டு வந்த கதையாயிற்று. ஆகவே, வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: நீர் இந்தக் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற முகவரா? வாய்ச்சொல்லை ஏற்காமல், கம்பனியிடமே விசாரித்து உறுதிசெய்யுங்கள். இரண்டு: உரிமம் எவர் பெயரில், எவர் மின்னஞ்சலில் பதியப்படும்? அது கடையின் பெயரிலேயே இருக்க வேண்டும். தலைமைக் கடவுச்சொல் முதலாளியின் கையில் இருக்க வேண்டும். மூன்று: இந்த வருடம் என்ன விலை, அடுத்த வருடம் புதுப்பிக்க என்ன விலை? முதல் வருட மலிவைக் கண்டு மயங்காதீர்கள். நான்கு: கூப்பிட்டால் எத்தனை மணித்தியாலத்தில் வருவீர், எந்த வேலை இலவசம், எந்த வேலைக்குக் கூலி? இதை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து: நாளை நாம் பிரிந்தால் என் கணக்கு முழுவதையும் எந்த வடிவத்தில் எடுத்துக்கொண்டு போகலாம்? இக்கேள்விக்கு மழுப்புபவரிடம் வாங்க வேண்டாம். இவை தவிர, அவரிடம் முன்பு வாங்கிய இரண்டு கடைகளுக்கு நேரிற் சென்று, அவர் வந்தாரா, வருவதாகச் சொல்லி வராமல் விட்டாரா என்று கேளுங்கள். எமது ஊரில் இது கடினமன்று. ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் உண்மை வெளியாகிவிடும்.

மென்பொருள் உலகில் இத்தகைய முகவரைப் பெறுமதி சேர்க்கும் விற்பனையாளர் என்பர். அரசாங்கம் பெறுமதி சேர் வரியை அறவிடுகிறது. இவர் உண்மையாகவே பெறுமதி சேர்க்கிறாரா என்று பார்ப்பது எமது கடமை. பெட்டியை மட்டும் கைமாற்றி விடுபவர் பெறுமதி சேர்த்தவராகார்.

இப்பொழுது வாலிப அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இதுவரை வாங்குபவர் பக்கம் நின்று பேசினோம். இனி விற்பவர் பக்கம் பாருங்கள். ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 முதல் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. எமது ஊர்களிலே கணக்கியலும் கணினியும் படித்த ஆண்களும் பெண்களும் வீட்டிலிருந்து அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். அல்லது வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுக்கிறார்கள். ஊர் கடைகளோ கணக்குத் தெரிந்த ஆளுக்குக் காத்திருக்கின்றன. இவ்விரு காத்திருப்பையும் ஒன்றுசேர்ப்பதே நல்ல முகவர் தொழில். பெருமுதல் வேண்டாம். கணக்கறிவு, கணினியறிவு, கடைக்காரரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் காது ஆகிய மூன்றும் போதும். தமிழ்நாட்டிலே தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறைக் கிராமத்தில் சோஹோ என்னும் மென்பொருள் கம்பனி 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. கிராமத்திலிருந்து மென்பொருள் செய்யலாமென்றால், கல்முனையிலிருந்து மென்பொருள் விற்று, நிறுவி, பேண முடியாதா?

ஆனால், ஒன்றை மறவாதீர்கள். இத்தொழிலில் இறங்குபவருக்கு ஊர்க் கடைகளின் உள்வீட்டு இரகசியமெல்லாம் கைக்கு வரும். யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு இலாபம் என்பதை அறிவீர்கள். ஒரு கடையிற் கண்டதை மற்றக் கடையிற் சொல்லாத நாவடக்கம் இல்லாதவர் இதற்குத் தகுதியற்றவர். கலவர காலங்களில் இக்கரை இரண்டு சமூகங்களுக்கிடையே வளர்ந்த சந்தேகத்தால் மிகவும் நொந்தது. ஒரு தமிழ் வாலிபன் முஸ்லிம் முதலாளியின் கணக்கைக் காப்பாற்றுவதும், ஒரு முஸ்லிம் வாலிபன் தமிழ் முதலாளியின் கணக்கைக் காப்பாற்றுவதும், மேடையில் நாம் பேசும் ஒற்றுமைப் பேச்சுகள் பத்துக்குச் சமம் என்பது எமது துணிபு.

முடிக்குமுன், அந்தப் புடவைக்கடைக் காக்காவின் செய்தியைச் சொல்லவேண்டும். அடுத்த வருடம் அவர் முறையான முகவர் ஒருவரிடம் வாங்கினார். அந்த முகவர் கடையிலே கணக்கெழுதும் பிள்ளைக்கு மூன்று நாள் தமிழிற் பழக்கினார். ஒவ்வொரு இரவும் கணக்கின் ஒரு பிரதி வெளியூரிலுள்ள சேமிப்பகத்துக்குப் போகும்படி ஒழுங்கு செய்தார். மாதத்துக்கொரு முறை அந்தப் பிரதியைத் திறந்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். திறந்து பாராத காப்புப் பிரதி காப்பாகாது என்பது அவர் வாக்கு. பின்பொரு மாரியில் கடைக்குள் வெள்ளம் புகுந்து கணினி நனைந்து போயிற்று. காக்கா பதறவில்லை. வேறொரு கணினி வந்தது. அன்று மாலையே கணக்குத் திரும்பி வந்தது. நாம் போய்ப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டு, "தம்பி, இந்த முறை கொப்பி விரிக்கத் தேவைப்படவில்லை" என்றார்.

அந்த அப்பியாசக் கொப்பியை அவர் இன்னமும் எறியவில்லை. மேசை லாச்சியிலே வைத்திருக்கிறார். அதில் தொகை எழுதப்படாத பெயர்கள் சில இன்றும் உண்டு. உங்கள் கடையிலோ, உங்கள் தந்தையார் கடையிலோ அப்படியொரு கொப்பி விரிக்கப்படும் இரவு வராதிருக்கவேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், "எமது கணக்கின் இரண்டாம் பிரதி எங்கே இருக்கிறது? அது கெட்டால் நாம் யாரைக் கூப்பிடுவோம்?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விடை உடனே வந்தால் மகிழுங்கள். வராவிட்டால், நாளைக்கே ஒரு நல்ல முகவரைத் தேடுங்கள்.